ஏழு விதி, ஒரே விலை

எங்கள் பல்கலைக்கழகப் பட்டறையில் அறுபத்து நான்கு பாதுகாப்பு விதிகள் இருந்தன. கண்ணாடிச் சட்டம் போட்டு, வாசலுக்கு நேரெதிரே ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தார்கள். மாணவர்கள் அதன் முன்னால் நின்று தலை சீவிக்கொள்வார்கள்.

விதிகளை எழுதியது ஒரு குழு. அந்தக் குழுவில் இருந்த யாரும் பட்டறைக்குள் வந்து நான் பார்த்ததில்லை. பதினேழாவது விதி, உள்ளே நுழைந்தது முதல் கையுறையைக் கழற்றக் கூடாது என்றது. ஐம்பத்திரண்டாவது, சுழலும் இயந்திரத்தின் பக்கம் கையுறையோடு போகவே கூடாது என்றது. இரண்டுக்கும் ஒருசேரக் கட்டுப்பட வேண்டுமென்றால் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும். முப்பத்தெட்டாவது, பட்டறைக்குள் குடையை விரிக்கக் கூடாது. அதை மட்டும் ஒருவர் கூட மீறியதில்லை.

பட்டறை என்பது ஒரு நீளமான கூடம். வாசலில் நின்று பார்த்தால் இடப்பக்கம் மரம், வலப்பக்கம் இரும்பு, நடுவே தரையில் ஒரு மஞ்சள் கோடு. மரப்பக்கம் கட்டடக்கலை, சிற்பக்கலை மாணவர்கள். இரும்புப்பக்கம் பொறியியல் மாணவர்கள். இரும்புக்காரர்கள் தொட்டதெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு என்று மரக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். மரக்காரர்களால்தான் நாள் முழுக்கத் தும்மல் என்று இரும்புக்காரர்கள் மூக்கைச் சிந்துவார்கள். சம்பந்தி வீட்டார் மாதிரி, விட்டுப் பிரியவும் முடியாது, ஒத்துப் போகவும் முடியாது. வட்டரம்பம் அந்தப் பக்கம், லேத் இந்தப் பக்கம், துளை போடும் இயந்திரம் மட்டும் கோட்டின் மேலேயே நின்றது, இரண்டு வீட்டுக்கும் பொதுவான பிள்ளை போல.

வாசலை ஒட்டி ஒரு ஜன்னல். அதற்குப் பின்னால் நான். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு பூட்டு உண்டு, சாவிகள் என்னிடம். பயிற்சி அட்டையைக் காட்டி, பாதுகாப்புக் கண்ணாடியும் வேலைக் கோட்டும் மாட்டிக்கொண்டவருக்குத்தான் சாவி என்பது முறை. மாணவர்கள் என்னை ‘ஜன்னல்’ என்றே கூப்பிட்டார்கள். மரியாதை தெரிந்தவர்கள் ‘ஜன்னல் அண்ணே’ என்பார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கும் கடைத்தெருவில். எங்கள் வீட்டில் சோறு போடும்போது கூட, நான் மூன்று கரண்டி கேட்டால் அம்மா ஒன்று என்பாள், இரண்டுக்குப் படியும். முதல் விலை சொல்வதும் அதை அப்படியே ஒத்துக்கொள்வதும் எங்கள் தெருவில் இரண்டு தனித்தனி முட்டாள்தனங்கள். அந்தப் புத்தியோடுதான் ஜன்னலில் உட்கார்ந்தேன்.

ஒருவன் வருவான். ஒரே ஒரு துளைதான் அண்ணே, இரண்டு நிமிஷ வேலை, கண்ணாடி எதற்கு என்பான். நான் கண்ணாடி, கோட்டு, முடியைக் கட்ட ஒரு ரப்பர் என்று மூன்றும் சொல்வேன். அவன் ஒன்றுக்கு வருவான். இரண்டில் முடிப்போம். ரப்பரைக் கொசுறாகக் கொடுத்து அனுப்புவேன். காலைப் போணி என்று வந்தவனை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப எனக்கு மனம் வராது. எல்லோருக்கும் என்னைப் பிடித்திருந்தது. பாதுகாப்பைச் சில்லறையாக விற்றுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் துளை போடும் இயந்திரம் ஒரு மூன்றாமாண்டு மாணவனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது. சட்டை பழையது, தோளோடு கிழிந்து வந்துவிட்டது. முழங்கையில் தோல் உரிந்ததோடு பையன் தப்பினான். புதுச் சட்டையாக இருந்திருந்தால் கதை வேறு. அன்றிலிருந்து அவன் பெயர் ‘அரைக்கை’ ஆயிற்று.

நான்காம் நாள் பதிவாளர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வெளியிலிருந்து ஒரு பாதுகாப்புத் தணிக்கையாளர் வருவார். மூன்று வாரம் கழித்து, ஒரு முழு நாள், கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பார். ஒரே ஒரு விதிமீறல் கண்டாலும் மாணவர்கள் இனி இயந்திரங்களைத் தொட முடியாது. வரைபடத்தைக் கொடுத்தால் வெளி ஒப்பந்தக்காரர் வெட்டிக் கொடுப்பார். மேற்பார்வையாளர் பதவி அத்தோடு ரத்து.

மேற்பார்வையாளர் என் மனைவியின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். சிபாரிசு என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் ஜன்னலுக்கு வந்து ஆறு வருடம் கழித்து, நாற்பது பேரோடு தேர்வு எழுதி அவர் வந்தார். அதற்கு முன் பதினாறு வருடம் வால்வுத் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். அங்கே மேலாளர்கள் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இரும்பைத் தொடாமலே இரும்பைப் பற்றிப் பேசுவதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப் போனவர். கையில் சூடு தெரியாமல் படித்தவன் கட்டும் வீட்டில் தான் குடியிருக்க மாட்டேன் என்பார். அந்தக் கூடத்தைப் பூட்டுவது அவருக்கு வேலை போவதைவிடப் பெரிய விஷயம். வேலை போவதும் சின்ன விஷயமில்லை. வீட்டில் கல்லூரிக்குப் போகும் இரண்டு பெண்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நலம் விசாரிக்கவில்லை.

“அந்தப் பையன் உங்க ஜன்னலுக்கு வந்தானா, மாப்பிள்ளை?”

“வந்தான்.”

“கோட்டு கேட்டீங்களா?”

“கேட்டேன் அண்ணி. ஹாஸ்டல்ல இருக்குன்னான். அப்போ ரெண்டு கையையும் முழங்கைக்கு மேல மடிச்சு விடுன்னேன். நேரமாச்சு, ஒண்ணு போதுமான்னு கேட்டான்.”

“நீங்க?”

“வலது கைன்னா சரின்னேன்.”

கிழிந்தது இடது கை. என் மனைவி கத்தியைக் கீழே வைத்தாள்.

“ரெண்டு கைக்கு ஒரு கைன்னு பேரம் படிஞ்சுதாக்கும்,” என்றாள். “பாதிக்குப் பாதி. நல்ல வியாபாரம்.”

அண்ணி திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. எங்கள் அப்பா கடையில் யாருமே பேரம் பேசாத சாமான் எதுவாவது இருந்ததா என்று கேட்டார்.

யோசித்தேன். இருந்தது. பித்தளைக் கீல். மற்ற எதற்கு விலை சொன்னாலும் அப்பா வாங்குபவரின் முகத்தைப் பார்ப்பார். முகத்தைப் பார்த்தாலே, வா, பேசலாம் என்று கூப்பிடுவதாக அர்த்தம். கீலுக்கு மட்டும் விலையைச் சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கத் திரும்பிவிடுவார். ஏனென்றால் அந்த விலை உண்மையான விலை. தெருவில் இருந்த மற்ற கடைகளிலும் அதே விலை. தன் சொந்த மச்சானுக்கும் அதே விலைக்குத்தான் கொடுத்தார். அதில் இரண்டு வருடம் பேச்சு வார்த்தை இல்லாமல் போனது.

“அதான்,” என்றார் அண்ணி. “அறுபத்து நாலையும் நீங்க மூஞ்சியைப் பார்த்துத்தான் சொல்றீங்க. உங்களுக்கே நம்பிக்கை இல்ல. குடைக்கு ஒரு விதின்னு எழுதி மாட்டிட்டா, கண்ணுக்கு எழுதினதும் குடை மாதிரிதான் தெரியும்.”

மறுநாள் திங்கட்கிழமை எல்லா இயந்திரங்களுக்கும் விடுமுறை விட்டார். சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி ஒரு மேஜை மேல் கிடத்தினார். இரண்டு பக்கத்து மாணவர்களும் மரப்பலகை அடுக்குகள் மேலும் லேத் அடிப்பீடங்களிலும் ஜன்னல் திட்டுகளிலும் ஏறி உட்கார்ந்தார்கள். நூற்று இருபது பேருக்குக் குறையாது. பேராசிரியர்களுக்கு மட்டும் நாற்காலி.

“இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் எந்த விதிக்கும் விலை பேசலாம்,” என்றார் அண்ணி. “வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. வேணும்னா அது உடம்புல எந்த இடத்தைக் காப்பாத்துதுன்னு சொல்லுங்க. அஞ்சு மணிக்கு மேல யாருக்கும் எதுலயும் தள்ளுபடி கிடையாது. எனக்கும்தான்.”

குடை முதலில் போயிற்று, கைதட்டலோடு. அதன் பின்னால் இருபது விதிகள் வரிசையாகப் போயின. சீட்டியடிக்கக் கூடாது, போயிற்று. கருவிகளை மரியாதையோடு நடத்த வேண்டும், போயிற்று. மரியாதை எந்த உறுப்பைக் காப்பாற்றும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மோதிரத்தில் வந்து பேச்சு சிக்கியது. இரும்புப்பக்கத்து மாணவன் ஒருவனுக்கு அந்த மாதம்தான் நிச்சயம் ஆகியிருந்தது. மோதிரத்தைக் கழற்றினால் அவள் தன்னைக் கொன்றுவிடுவாள் என்றான். கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிற்பக்கலைப் பெண், “லேத்ல மாட்டினா விரலோட போயிடும். அப்புறம் அவ எதுல போடுவா?” என்று கேட்டாள். கூடம் சிரித்து அடங்குவதற்குள் அவன் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

உண்மையான கொடுக்கல் வாங்கல் மதியத்துக்கு மேல் நடந்தது. மரத்தைத் தேய்க்க அந்தப் பக்கம் ஓர் உரசு பட்டை உண்டு. அதிலிருந்து வரும் மரத்தூள் குழாய் வழியாக ஒரு பெரிய துணிப் பைக்குள் போய்ச் சேரும். இரும்புக்காரர்கள் கமுக்கமாகத் தங்கள் இரும்பின் விளிம்புகளை அதில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் பட்டையைவிட அது அகலம். இரும்பைத் தேய்த்தால் பொறி பறக்கும். பொறி மரத்தூளுக்குள் போகும். இரண்டு மூன்று பொறிதானே என்று இரும்புக்காரர்கள் இழுத்தார்கள். அந்தச் சிற்பக்கலைப் பெண் பேசவில்லை. எழுந்து போய் அந்தத் துணிப் பையைக் கழற்றிக்கொண்டு வந்து விரித்துக் காட்டினாள். அடிப்பக்கத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை; ஓரமெல்லாம் கறுப்பு. பற்றிய நெருப்பு தானாகவே அணைந்திருந்தது. ஏன் அணைந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இரும்புக்காரர்கள் இறங்கி வந்தார்கள். ஆனால் பதிலுக்கு ஒன்று கேட்டார்கள். மரக்காரர்கள் மரத்துக்கு எண்ணெய் பூசிவிட்டுத் துணியைக் கசக்கி மேஜைக்கு அடியில் எறிவார்கள். அது குவியலாகக் கிடக்கும். அந்த எண்ணெய்த் துணி குவிந்தால் தானாகவே சூடேறும் என்றார்கள். தீப்பெட்டி இல்லாமல் துணி பற்றிக்கொள்ளுமா என்று ஒரு கட்டடக்கலை மாணவன் கேலி பண்ணினான். அண்ணி அவனைக் குனிந்து அந்தக் குவியலுக்குள் கையை விடச் சொன்னார். விட்டான். சட்டென்று வெளியே எடுத்து, கையைப் பார்த்துக்கொண்டே தன் இடத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தான். எண்ணெய்த் துணி இனி மூடி போட்ட இரும்புத் தொட்டிக்கு என்று ஒரு மனதாக முடிந்தது. அந்தத் துணிகளை நாலு பேர் ஒவ்வொன்றாக எடுத்து அப்போதே வெளியே கொண்டுபோய் விரித்துப் போட்டார்கள்.

நாலரை மணிக்கு ஆறு விதிகள் தேறின. வாசலைத் தாண்டினால் கண்ணுக்குக் கண்ணாடி, யாராக இருந்தாலும். சுழல்வதன் அருகே தொங்குவது எதுவும் கூடாது. முடி, சட்டைக் கை, சங்கிலி, மோதிரம், கையுறை, எல்லாம். வட்டரம்பத்தில் விரல் போகக் கூடாத இடத்துக்குத் தள்ளுகட்டைதான் போகும். லேத்தில் இரும்பைப் பிடித்துச் சுழலும் ‘சக்’கில் அதை இறுக்கும் சாவி, சக்கில் இருக்கும் வரை கையை விட்டுப் பிரியாது. மர இயந்திரத்தில் இரும்பு இல்லை, எண்ணெய்த் துணி தொட்டிக்கு. ஒருவரும் தனியாக வேலை செய்வதில்லை.

அப்போது அரைக்கை எழுந்தான். முழங்கையில் இன்னும் கட்டு இருந்தது.

“அன்னைக்கு என் பக்கத்துல ரெண்டு ஜூனியர் நின்னாங்க,” என்றான். “என் இடது கை தொங்கறதை ரெண்டு பேரும் பார்த்திருக்காங்க. சீனியர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு சொல்லல. அப்புறமாத்தான் எனக்குத் தெரியும்.”

அவன் கேட்டது இதுதான்: யாரும் யாரையும் நிறுத்தலாம். நிறுத்து என்றால் நிறுத்திவிட வேண்டும், காரணம் அப்புறம். கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும் என்றார்கள். கேட்காவிட்டால் தூணில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தட்டும், கூடம் முழுக்க மின்சாரம் நிற்கட்டும் என்றான்.

இரும்புப்பக்கத்து மூத்த பேராசிரியர் நாற்காலியில் நெளிந்தார். முதலாண்டுப் பிள்ளை கூடத் தன்னை நிறுத்தலாமா என்று கேட்டார். நிறுத்தலாம் என்றார் அண்ணி. வகுப்பு நடக்கும்போது வேண்டாமே என்றார். வகுப்பில்தான் அதிகம் வேண்டும் என்றார் அண்ணி. சரி, வாயால் மட்டும், பொத்தான் வேண்டாம் என்றார். அண்ணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது, பேசுங்கள் சார் என்றார். அவர் அந்த ஐந்து நிமிஷமும் பேசினார். மணி ஐந்தடித்ததும் அண்ணி சுண்ணக்கட்டியை எடுத்துச் சுவரிலேயே ஏழையும் எழுதினார். சட்டம் மறுபடி மாட்டப்படவில்லை.

அடுத்த இரண்டரை வாரம் எனக்குத்தான் சோதனை. பழகிய முகங்கள் பழகிய சிரிப்போடு வந்து நின்றன. நான் கண்ணாடி என்று சொல்லிவிட்டுத் துளையூசிகளை எண்ணத் திரும்பிக்கொள்வேன். இருநூற்றுப் பதினாறு துளையூசிகள். எத்தனை தடவை எண்ணினேன் என்பதற்குக் கணக்கில்லை. முதல் வாரம் ஜன்னலுக்கு இதயம் இல்லை என்றார்கள். இரண்டாம் வாரம் கேட்காமலே கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார்கள்.

தணிக்கையாளர் காலை ஒன்பதுக்கு வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. உட்காரச் சொந்தத் தலையணை ஒன்றும் தடித்த கோப்பு ஒன்றும் கொண்டுவந்திருந்தார். கண்ணாடி வாங்கி மாட்டினார், மோதிரத்தைக் கழற்றினார், மஞ்சள் கோட்டின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தேநீர் வேண்டுமா என்று கேட்டதற்கு, வேண்டுமென்றால் கேட்பேன் என்றார்.

பத்தேகாலுக்கு முதல் ‘நிறுத்து’. முடியைக் கட்ட மறந்து வட்டரம்பத்தை நோக்கி நடந்த ஒரு பெண்ணை அவள் தோழியே நிறுத்தினாள். தணிக்கையாளரின் பேனா கோப்பில் ஒரு கோடு போட்டது. பதினொன்றுக்கு, இரும்புத் தகட்டோடு மரப்பக்கம் திரும்பிய ஒருவனை மூன்று பேர் ஒரே குரலில் நிறுத்தினார்கள். இன்னொரு கோடு. மதியத்துக்குள் ஏழு. ஜன்னலிலிருந்து எனக்கு அந்தப் பேனா மட்டும்தான் தெரிந்தது. ஒன்று போதும் பூட்டுக்கு, ஏழு இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் மூத்த பேராசிரியர் அண்ணியை ஓரமாகக் கூப்பிட்டார். இன்று ஒரு நாள் மட்டும் யாரும் யாரையும் நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் எழுதுகிறார் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கும் கூடம் வேண்டும். ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் நின்றார்கள், எனக்குக் கேட்டது. உண்மையைச் சொன்னால், அதே யோசனை என் வாயிலும் இருந்தது.

“எழுதட்டும் சார்,” என்றார் அண்ணி. “கூடம் பூட்டினா என் வேலைதான் போகும். இன்னைக்கு ஒருத்தன் கை போனா, அதை எதை வெச்சுப் பூட்டறது?”

பேராசிரியர் தன் மாணவர்களிடம் திரும்பிப் போனார். மதியம் அவரே ஒரு மாணவனை நிறுத்தினார். எட்டாவது கோடு.

மூன்று மணிக்குப் பதிவாளர் வந்தார். ஜன்னலில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன், இரண்டு நிமிஷம்தான், எந்த இயந்திரத்தையும் தொடப் போவதில்லை என்றார். என் உத்தியோகத்துக்கு மேலே ஏழு படி உயரத்தில் இருப்பவர். கண்ணாடி சார் என்று சொல்லிவிட்டுத் துளையூசிப் பெட்டியைத் திறந்தேன். நூற்றுப் பத்து வரை எண்ணியபோது பின்னால் கண்ணாடியை எடுக்கும் சத்தம் கேட்டது. ஆயுளில் எந்தக் கடையிலும் எனக்கு அப்படி ஒரு வியாபாரம் படிந்ததில்லை.

அவர் நேரே அண்ணியிடம் போனார். அண்ணி அப்போது லேத்தில், ஒரு மாணவன் கோணலாக மாட்டிய இரும்புத் தண்டைக் கழற்றி நேராக்கி மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தார். அதற்குள் இன்னும் இரண்டு கோடுகள் விழுந்திருந்தன, ஆக மொத்தம் பத்து. பதிவாளர் அந்தப் பத்தைக் காட்டிப் பேச ஆரம்பித்தார். ஒப்பந்தக்காரர் அடுத்த வாரமே வரத் தயார், உங்களுக்கு நூலகத்தில் ஏதாவது பார்க்கலாம் என்றார். நூலகம் என்ற சொல் அண்ணியை எங்கே சுட்டதோ, தலையைத் திருப்பி அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே, பதினாறு வருடப் பழக்கத்தில், கையை விசைப் பக்கம் கொண்டு போனார். சக்கில் சாவி அப்படியே நின்றது. விசையைப் போட்டிருந்தால் அந்தச் சாவி கல்லாக எகிறி யார் நெற்றியில் விழும் என்று சொல்ல முடியாது.

சட்டென்று கூடம் முழுக்க இருட்டிய மாதிரி ஒரு மௌனம். ரம்பம் நின்றது, உரசு பட்டை நின்றது, தலைக்கு மேல் தூசிக் குழாய் பெருமூச்சு விட்டு நின்றது. தூணருகே முதலாண்டுப் பெண் ஒருத்தி. அவளை எல்லோரும் ‘கிசுகிசு’ என்பார்கள், அவள் பேசினால் பக்கத்து ஆளுக்கும் கேட்காது. அவள் கை சிவப்புப் பொத்தான் மேல் இருந்தது.

“அக்கா, சாவி,” என்றாள்.

வழக்கமான குரல்தான். அந்த மௌனத்தில் கடைசி மேஜை வரை கேட்டது.

அண்ணி சக்கைப் பார்த்தார். சாவியை எடுத்துப் பலகையில் வைத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, “நல்லது பண்ணினே. ரொம்ப நன்றி,” என்றார். தணிக்கையாளர் பக்கம் திரும்பி, “இது என் தப்பு. எழுதிக்கோங்க,” என்றார்.

தணிக்கையாளர் எழுதிக்கொண்டார். பதினொன்று. பதிவாளர் முகத்தில் ஒப்பந்தக்காரர் வந்து உட்கார்ந்த மாதிரி ஒரு திருப்தி.

ஐந்து மணிக்குத் தணிக்கையாளர் என் ஜன்னல் பலகை மேலேயே கோப்பை விரித்து வைத்தார். பின்னால் இரண்டு பக்கமும் கூட்டம். மஞ்சள் கோடு எங்கே என்று தெரியவில்லை.

“மீறல், பூஜ்யம்,” என்றார்.

பதிவாளர் ஒரு விரலால் பதினோரு கோடுகளையும் தொட்டுக் காட்டினார். தணிக்கையாளர் அந்த விரலை நகர்த்திவிட்டுக் கட்டத்தின் தலைப்பைக் காட்டினார். ‘பணியாளரே தடுத்தவை’ என்று அச்சடித்திருந்தது.

“மீறல்னா ஆளும் மெஷினும் சேரணும் சார். பதினோரு தடவையும் அதுக்கு முன்னாலயே நின்னு போச்சு. மேலதிகாரியையே நிறுத்தியிருக்காங்க. நான் இருபத்து மூணு வருஷமா இந்தத் தாளை எடுத்துட்டு அலையறேன். இந்தக் கட்டம் எதுக்கு அச்சடிச்சாங்கன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்.”

பதிவாளர் விட்டுவிடவில்லை. பேரம் பழகிய ஆள். கூடம் திறந்திருக்கட்டும், வட்டரம்பத்தை மட்டும் பூட்டலாமே என்றார். இல்லாவிட்டால் முதலாண்டை மட்டுமாவது வெளியே நிறுத்தலாமே என்றார். தணிக்கையாளர் கையெழுத்துப் போட்டு, பேனாவின் மூடியைத் திருகினார். பதிவாளரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. ஒரு நிமிஷம் கழித்துப் பதிவாளர் கண்ணாடியைக் கழற்றி என் பலகையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

கத்துவார்கள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கிசுகிசுவை யாரோ தோளில் தூக்கினார்கள்; இறக்கி விடுங்கள் என்று அவள் சொன்னது ஒருவருக்கும் கேட்கவில்லை. கட்டடக்கலைப் பையன் ஒருவன் இரும்புப்பக்கத்து மாணவனைக் கட்டிப் பிடித்து, தன் கோட்டெல்லாம் எண்ணெயாக்கிக்கொண்டான். மூத்த பேராசிரியர், எட்டாவது கோடு தன்னுடையது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அண்ணி லேத்தின் பக்கத்தில் நின்று, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, அந்தக் கோணல் தண்டுக்காரனைக் கூப்பிட்டு, வேலை பாதியில் நிற்கிறது, வா என்றார். கூடம் மறுபடி இரைய ஆரம்பித்தது. நான் அப்படி ஒரு இரைச்சலைக் கேட்டதில்லை. ஒவ்வொரு இயந்திரமும் ஓடியது.

தணிக்கையாளர் போகவில்லை. தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜன்னலில் நின்றார். லேத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத்தனை வருஷத்துல நான் ஒரு மெஷினைக் கூட ஓட்டிப் பார்த்ததில்ல,” என்றார். “சின்னதா ஒண்ணு கடைஞ்சு பார்க்கணும். ஒரு அஞ்சு நிமிஷம்.”

எங்களுக்கு அன்று படியளந்த கை அது. மாட்டேன் என்று சொல்ல எங்கள் தெருவில் ஒருவனுக்கும் வாய் வராது.

“பயிற்சி அட்டை இருக்காம்மா?” என்றேன்.

இல்லை என்றார்.

“நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வகுப்பு. முடிச்சா அட்டை. அட்டை இருந்தா சாவி,” என்று சொல்லிவிட்டுத் துளையூசிகள் பக்கம் திரும்பினேன்.

அவர் கோப்பைத் திறந்து ஏதோ எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. மறுநாள் ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே, முடியை இறுக்கிக் கட்டி, சட்டைக் கை இரண்டையும் முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு, முதலாண்டு மாணவர்களுக்கு நடுவே முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.